நுவரெலியாக் குளிரில் 750 வாட் வாஃபிள் மெசின்

ஹற்றன், பண்டாரவளை, நுவரெலியா என்று எந்த டவுனின் மின்சாதனக் கடைக்குப் போனாலும், சாண்ட்விச் மேக்கர் அடுக்கிய தட்டிலேயே இந்த வாஃபிள் மெசினும் இருக்கும். பிளாஸ்டிக் மூடி, உள்ளே ஒட்டாத பூச்சுப் பூசிய கட்டம் போட்ட இரண்டு தகடு, மூடியின் மேல் சிவப்பு விளக்கு ஒன்று, சூடு ஏறியதும் எரியும் பச்சை விளக்கு ஒன்று. சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகி கிடையாது. தகட்டைக் கழற்றிக் கழுவ முடியாது. ஒரு தடவைக்கு இரண்டு துண்டு வாஃபிள் வரும். பெட்டியில் அச்சிட்ட பெயர் கடைக்குக் கடை மாறினாலும், அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் பெரும்பாலும் 750 வாட் அல்லது அதற்குக் கிட்டிய எண்தான் இருக்கும். இங்கே பேசுவது அந்த வகையைப் பற்றி. எந்தக் கம்பனியைப் பற்றியும் இல்லை.

நான்கு பேர் வரை உள்ள வீட்டுக் காலைச் சாப்பாட்டுக்கு இது போதும். ஆனால் பெட்டிக்குள் வரும் சமையல் குறிப்பை ஒதுக்கி வைத்துவிடுங்கள். அது கடல் மட்டத்தில், சூடான குசினியில் நின்று எழுதியது. இந்த மெசினுக்குப் பெரிய பலவீனம் ஒன்று உண்டு: குளிர்ந்த மாவு விழுந்ததும் தகட்டின் சூடு இறங்கிவிடும், இறங்கிய சூட்டை மீட்க நேரமெடுக்கும். ஒட்டுதல், கிழிதல், வெளுத்த தோல், ரப்பர்போல் இழுக்கும் நடுப்பகுதி என்று இதைப் பற்றி வரும் முறைப்பாடுகளில் முக்கால்வாசி அங்கிருந்துதான் தொடங்குகின்றன. மாவை மெசினுக்கு ஏற்றபடி கலந்தால் அந்தக் குறைகள் பெரும்பாலும் காணாமல் போகும். அதற்கு யோகட் நல்ல துணை.

கடையிலேயே பார்க்க வேண்டியவை

மூடியைத் திறந்து பின்பக்கப் பிணைச்சலைக் கவனியுங்கள். மூடும்போது மேல்தகடு கொஞ்சம் மேலெழும்பி இடம் கொடுக்க வேண்டும். பிணைச்சல் அசையாமல் இறுகியிருந்தால், மாவு உப்பும்போது மூடி முன்பக்கம் மட்டும் தூக்கும். வாஃபிள் பின்னால் சப்பையாகவும் முன்னால் தடிப்பாகவும் வரும். பின்பக்கம் கருகும், முன்பக்கம் வேகாது. இந்தக் குறையை மாவை மாற்றிச் சரிசெய்ய முடியாது. பிறகு பிளக்கைச் செருகிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் இரண்டு தகடும் ஒரே அளவு சுடுகிறதா என்று மேலே கையை நீட்டிப் பார்த்தாலே தெரியும், தொட வேண்டியதில்லை. பூச்சில் கீறலோ குமிழோ தெரிந்தால் வேறு பெட்டியைக் கேளுங்கள். உத்தரவாதம் பூச்சு உரிவதற்கும் பொருந்துமா என்பதையும் வாங்கும்போதே கேட்பது நல்லது. உத்தரவாதம் என்றதும் கடைக்காரர் கம்பிச் சுருளைப் பற்றித்தான் பேசுவார்.

கரண்ட்

நமது மின்சாரம் 230 வோல்ட். 750 வாட் மெசின் இழுப்பது 3.3 ஆம்பியர். பழைய லயன் காம்பராக்களிலும் தோட்டக் குவார்ட்டர்ஸ்களிலும் இன்னமும் இருக்கும் 5 ஆம்பியர் உருண்டை முள் பிளக் பேஸ் இந்த அளவைத் தாங்கும். அதே பேஸில் 1200 வாட் மெசினைச் செருகினால் 5.2 ஆம்பியர், பேஸ் சூடாகி, கொஞ்ச நாளில் பிளாஸ்டிக் பழுப்பு நிறமாகும். ஆகவே குறைந்த வாட் என்பது இங்கே ஒரு வசதியும்கூட. இப்போது நாட்டின் நியமம் 13 ஆம்பியர் சதுர முள் பேஸ்தான். அது இருந்தால் இரண்டு வகையும் ஓடும்.

சில மெசின்கள் ஐரோப்பிய இரட்டை உருண்டை முள்ளோடு வருகின்றன. சதுர முள் பேஸின் மேல் துளையைப் பேனா முனையால் அழுத்தி, கீழே அந்த முள்ளைச் செருகும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. போன் சார்ஜருக்குச் செய்வதே சரியில்லை. வாஃபிள் மெசினில் எர்த் இணைப்பு முள்ளின் பக்கவாட்டில் இருக்கிறது, அப்படிச் செருகினால் அது எங்கும் தொடாது. உலோகத் தகடு, ஈரமான மாவு, ஈரக் கை மூன்றும் ஒன்றாக இருக்கும் இடத்தில் எர்த் இல்லாமல் வேலை செய்யாதீர்கள். சரியான அடாப்டர் வாங்குங்கள். இல்லாவிட்டால் எலக்ட்ரீசியனைக் கொண்டு பிளக்கை மாற்றுங்கள். கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் மெசினை நேரே செருகினால், அது தாங்கவேண்டியதைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் சூட்டை இழுத்து அதே இடத்தில் எரிந்துபோகும். வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

தோட்டப் பக்கத்தில் காலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் கேத்தல் ஏறும்போது வோல்ட் இறங்கும். 230 இலிருந்து 200 ஆனால் சூடு 13 வீதம்தான் குறையும் என்று நினைத்துவிடக் கூடாது. அது இரட்டிப்பாக அடிக்கும். 750 வாட் மெசின் அப்போது ஏறத்தாழ 570 வாட்தான் தரும். பச்சை விளக்கு எப்படியும் எரியும், ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் காத்திருப்பு நீளும். உங்கள் வீட்டிலேயே கேத்தலும் சோற்றுக் குக்கரும் ஓடிக்கொண்டிருந்தால் அவற்றை முடித்துவிட்டு மெசினைப் போடுங்கள். கரண்ட் பில்லைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை: நாற்பது நிமிடம் விடாமல் ஓடினாலும் அரை யூனிட்தான், சூடு போதியதும் மெசின் தானாக நின்று நின்று ஓடுவதால் உண்மையில் அதைவிடக் குறைவு.

எந்த யோகட்

கடையில் கிடைக்கும் 80 கிராம் கப் யோகட் இரண்டு இந்த மெசினுக்கு ஒரு முறை கலக்கும் மாவுக்குக் கச்சிதமாக அளவாகிறது. தராசு இல்லாத வீட்டிலும் 160 கிராம் பிழைக்காது. ஆனால் சாதாரணக் கப் யோகட்டில் சீனியும், இறுகி நிற்க ஜெலட்டினும் சேர்த்திருப்பார்கள். ஜெலட்டின் ஒன்றும் செய்யாது. சூட்டில் கரைந்து மாவைக் கொஞ்சம் இளக்கும், அவ்வளவுதான். சீனிதான் தொந்தரவு. தகட்டில் பட்டதும் பாகாகி மூலைகளைப் பிடித்துக்கொள்ளும். இனிப்பு யோகட்டை எடுத்தால் மாவில் வேறு சீனி ஒரு சிட்டிகைகூடப் போடாதீர்கள். இனிப்பில்லாத யோகட் கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. அப்போது சீனி 20 கிராம், அதாவது தட்டி எடுத்த ஒன்றரை மேசைக்கரண்டி சேர்க்கலாம். அந்தளவு சீனி இல்லாவிட்டால் இந்த மெசினின் சூட்டில் வாஃபிள் வெளுத்தே இருக்கும்.

சட்டித் தயிர் இதைவிடச் சுவை. எருமைப் பாலில் கொழுப்பு ஏறத்தாழ 7 வீதம், மண்சட்டி தண்ணீரை உறிஞ்சுவதால் தயிர் கெட்டி. 160 கிராம் தயிருக்குப் பாலை 30 மில்லிலீற்றர் கூட்டுங்கள், எண்ணெயை ஒரு மேசைக்கரண்டி குறையுங்கள். திஸ்ஸமகாராமைப் பக்கத்திலிருந்து மேலே ஏறிவரும் சட்டி நம் கைக்கு வரும்போது சில நாள் ஆகியிருக்கலாம். புளிப்பு நாக்கைக் கூசச் செய்யும் அளவானால் அப்பச்சோடாவைக் கால் தேக்கரண்டிக்குச் சற்று மேலே எடுக்கலாம், அரைத் தேக்கரண்டியைத் தொடக் கூடாது.

யோகட் இங்கே இரண்டு வேலை செய்கிறது. அதன் புளிப்பு அப்பச்சோடாவோடு சேர்ந்து உடனடியாக வாயுவைக் கிளப்புகிறது. மா இறுகுவதற்குள் உப்பிவிடும். அதே புளிப்பு கோதுமை மாவின் இழுவையையும் தளர்த்துகிறது. பாலை மட்டும் ஊற்றிச் செய்த வாஃபிள் ஆறியதும் தோல்போல ஆகிறது. யோகட் சேர்த்தது ஆறினாலும் கையில் உடையும்.

அளவு

கோதுமை மா 150 கிராம், வெள்ளைக் கோன்ஃபிளவர் 30 கிராம். கோன்ஃபிளவர் இல்லையென்றால் வறுக்காத அரிசி மா அதே அளவு. மொறுமொறுப்பு இன்னும் கூடும், மென்மை கொஞ்சம் குறையும். பேக்கிங் பவுடர் ஊரைப் பொறுத்தது, கீழே சொல்கிறேன். அப்பச்சோடா கால் தேக்கரண்டி. உப்பு கால் தேக்கரண்டி, உப்புப் பட்டர் சேர்த்தால் வேண்டாம். யோகட் இரண்டு கப். பால் 120 மில்லிலீற்றர். பால்மா என்றால் அதே அளவு வெந்நீரில் 15 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. முட்டை இரண்டு. எண்ணெய் அல்லது உருக்கிய பட்டர் 60 கிராம். இந்த மாவில் எட்டு முதல் பத்துத் துண்டு வரும்.

கொழுப்பைக் குறைக்க ஆசைப்படுபவர்கள் மெசினைக் குறை சொல்லக் கூடாது. 60 கிராமில் பாதியைக் குறைத்தால் தகட்டில் பூசும் எண்ணெய் எவ்வளவு போட்டாலும் ஒட்டும். பட்டரைவிடத் தண்ணீர் கூடிய மாஜரின் என்றால் அதே நிறைக்கு பட்டர் அளவு மொறுமொறுப்பு வராது.

தேங்காய் எண்ணெய் விடயத்தில் மலைநாட்டுக்குத் தனிச் சிக்கல் உண்டு. அது ஏறத்தாழ 24 பாகையில் உறையும். நுவரெலியாக் காலையில் போத்தலுக்குள்ளேயே வெள்ளைக் கட்டியாகிக் கிடக்கும் எண்ணெயை உருக்கி, பிரிஜ்ஜிலிருந்து எடுத்த யோகட்டில் ஊற்றினால் அது மறுபடியும் மணி மணியாக உறைந்துவிடும். மாவின் ஓரிடத்தில் கொழுப்பு, மற்ற இடத்தில் வெறும் மா. தகட்டில் ஒரு பக்கம் வழுக்கி வர, மறுபக்கம் கிழிவது இதனால்தான். உருக்கிய பட்டருக்கும் இதே கதைதான். யோகட் கப் இரண்டையும் மூடியோடு, முட்டையை ஓட்டோடு, கை பொறுக்கும் வெந்நீர்ச் சட்டியில் பத்து நிமிடம் வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை வராது. தகட்டின் சூடும் குறைவாகவே இறங்கும். அதற்கும் நேரமில்லாத வீட்டில் சூரியகாந்தி எண்ணெய் எடுங்கள், அது உறையாது.

உயரம் செய்யும் வேலை

நுவரெலியா 1868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். ஒரே அளவு பேக்கிங் பவுடர் விடும் வாயு அங்கே கால் பங்கு அதிகமாக விரியும். மா இறுகுமுன் குமிழிகள் பெருத்து உடைந்து, வாஃபிள் நன்றாக உப்பியதுபோல் மூடியைத் தூக்கிவிட்டுப் பிறகு அமுங்கும். உள்ளே ஒரு பெரிய குகை. அதனால் கண்டியில் ஒன்றரைத் தேக்கரண்டி போடும் இடத்தில் ஹற்றன், பண்டாரவளைக்கு ஒன்றேகால், நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் தட்டி எடுத்த ஒரு தேக்கரண்டி போதும். அப்பச்சோடாவைக் குறைக்காதீர்கள், அது யோகட்டின் புளிப்புக்குக் கணக்குப் பார்த்துப் போடுவது, உயரத்துக்காக அல்ல.

அமெரிக்க மலைப்பகுதிச் சமையல் குறிப்புகள் உயரத்துக்குப் பாலைக் கூட்டச் சொல்லும். அங்கே காற்று காய்ந்தது, மாவும் காய்ந்தது. இங்கே மழைமாதத்தில் திறந்து வைத்த மாப் பக்கற்றே ஈரம் பிடித்துக் கட்டி கட்டியாகிவிடும். பாலைக் கூட்டினால் வெறும் கஞ்சிதான். அதே ஈரம் பேக்கிங் பவுடர் டின்னையும் கெடுக்கும். அரைத் தேக்கரண்டியை வெந்நீரில் போட்டுப் பாருங்கள்; சட்டென்று நுரைத்துப் பொங்காவிட்டால் டின்னை மாற்ற வேண்டியதுதான். அப்பச்சோடாவைத் தேசிக்காய்ச் சாற்றில் போட்டுப் பார்க்கலாம்.

கலக்கும் ஒழுங்கு

முதலில் மெசினைப் போடுங்கள். பச்சை விளக்கு எரிந்ததும் மா ஊற்ற வேண்டும் என்று குறிப்பேடு சொல்லும், நம்ப வேண்டாம். குளிர்ந்த குசினியில் முதல் பச்சை விளக்கு தகட்டின் நடுவைப் பற்றி மட்டுமே பேசுகிறது, ஓரங்கள் இன்னும் பின்தங்கியிருக்கும். விளக்கு அணைந்து இரண்டாம் முறை எரியும்வரை விடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் மாவைக் கலந்து முடிக்கலாம்.

மா வகைகள், பேக்கிங் பவுடர், அப்பச்சோடா, உப்பு, சீனி எல்லாவற்றையும் ஒன்றாக அரியுங்கள். அரிக்காமல் விட்டால் அப்பச்சோடா ஒரு மூலையில் கட்டியாக நின்று, வாஃபிளில் கபிலப் புள்ளியும் சவர்க்கார வாசமும் தரும். முட்டை வெள்ளைக்கருவைத் தனியே எடுத்து வையுங்கள். மஞ்சட்கரு, யோகட், பால், எண்ணெய் நான்கையும் அடித்து, மாவில் ஒரே தடவையாக ஊற்றி, அகப்பையால் பன்னிரண்டு பதினைந்து சுற்றுக்குள் நிறுத்துங்கள். பயறளவு கட்டிகள் தெரிந்தால் இருக்கட்டும். ரொட்டிக்கு மா பிசைந்து பழகிய கைக்கு இங்கேதான் நிறுத்தத் தெரியாது. வழுவழுப்பாகும்வரை அடித்தால் மாவின் இழுவை கூடி, வாஃபிள் பிய்த்தால் பாண் கோதைப்போல இழுபடும்.

வெள்ளைக்கருவைத் தனியாக அடித்து, கரண்டியைத் தூக்கினால் நுனி வளைந்து நிற்கும் பதத்தில் நிறுத்தி, மூன்று பகுதியாக மாவில் மடித்துச் சேருங்கள். முட்டையை வெந்நீரில் வைத்திருந்தால் கையால் அடித்தே நான்கைந்து நிமிடத்தில் அந்தப் பதம் வரும். பிரிஜ்ஜிலிருந்து நேரே வந்த முட்டை நுரைக்க நேரமெடுக்கும். இது இல்லாமலும் வாஃபிள் வரும். ஆனால் சோடாவின் வாயு முதல் பதினைந்து நிமிடத்தில் பெரும்பகுதி போய்விடும், இந்த மெசினோ எட்டுத் துண்டு சுட அரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். கடைசிச் சுற்றுக்கும் இலகுத்தன்மையைத் தாங்கிப் பிடிப்பது வெள்ளைக்கரு நுரைதான். 1200 வாட் மெசின் வைத்திருப்பவர் இந்த வேலையை விட்டுவிடலாம், 750 வாட்டுக்காரர் விட முடியாது.

பதம்: தோசை மாவைவிடத் தடிப்பு, வடை மாவைவிட இளக்கம். அகப்பையிலிருந்து கயிறாக ஒழுகக் கூடாது, கட்டியாகத் தயங்கி விழ வேண்டும்.

சுடுதல்

தகட்டில் எண்ணெயைப் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தொட்டுவிடுங்கள். டின்னில் வரும் எண்ணெய் ஸ்பிறே வேண்டாம். அதிலுள்ள லெசித்தின் சூட்டில் கோந்தாகிப் படிந்து, கொஞ்ச நாளில் ஒட்டாத பூச்சே ஒட்டத் தொடங்கும். ஒரு துண்டுக்கு 60 மில்லிலீற்றர், அதாவது கால் கோப்பை மா. நடுவில் ஊற்றி, விளிம்புக்கு ஒரு சென்ரிமீற்றர் முன்னே நிறுத்துங்கள். மூடியை விடுங்கள், அழுத்தாதீர்கள். அழுத்தினால் குமிழி எல்லாம் பக்கவாட்டில் போய், பிணைச்சலுக்குள் மா வடிந்து, பிறகு அதைச் சுரண்டுவதே ஒரு வேலையாகிவிடும்.

முதல் மூன்று நிமிடம் திறக்கவே கூடாது. மேல் தோல் இறுகுமுன் திறந்தால் வாஃபிள் இரண்டாகப் பிளந்து, பாதி மேலே பாதி கீழே ஒட்டிக்கொள்ளும். பச்சை விளக்கைப் பார்ப்பதைவிட ஆவியைப் பாருங்கள். முதலில் பக்கவாட்டில் புகைபோல் அடிக்கும், பிறகு மெலியும், பிறகு நிற்கும். நின்ற பிறகும் அரை நிமிடம் விடுங்கள். மொத்தம் ஐந்து ஆறு நிமிடம் ஆகலாம். மெல்லத் தூக்கும்போது தடுத்தால் பலவந்தம் வேண்டாம், மூடிவிட்டு இன்னும் ஒரு நிமிடம். எடுக்கும்போது மூங்கில் குச்சியோ மரக் கரண்டியோ பாவியுங்கள், கத்தி, முள்ளுக்கரண்டி பக்கத்திலேயே வேண்டாம். எடுத்ததும் அடுத்த மாவை ஊற்றாமல், மூடி, பச்சை விளக்கு மறுபடி எரியும்வரை இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். அவசரப்பட்டு ஊற்றிய இரண்டாம் சுற்றுத்தான் எப்போதும் ஒட்டுவது. முதல் சுற்று நன்றாக வந்ததே என்று எல்லோரும் குழம்புவதும் அங்கேதான்.

சுட்ட வாஃபிளைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள், தன் ஆவியிலேயே நனைந்துவிடும். கம்பி ஸ்டாண்ட் எல்லா வீட்டிலும் இருக்காது. இடியப்பத் தட்டு இருக்கும். பிரம்புத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தால் அடியாலும் காற்றோடும். மழை மூட்டமான நாளில் அதுவும் பத்து நிமிடத்துக்குத்தான் காப்பாற்றும். அப்படியான நாளில் சுடச்சுடப் பரிமாறுவதைத் தவிர வழியில்லை.

வாஃபிள்மேல்

கித்துள் பாணியை விஞ்ச வேறெதுவும் இல்லை, மேப்பிள் சிரப்பைத் தேடி அலைய வேண்டாம். நல்ல பாணிக்கு மெல்லிய புகை வாசமும் அடிநாக்கில் லேசான கசப்பும் இருக்கும். வெறும் இனிப்பு மட்டும் என்றால் சீனி கலந்தது. பாணியை மாவுக்குள் சேர்க்காதீர்கள், தகடு வீணாகும். நுவரெலியா ஸ்ட்ரோபெரி புளிப்பு. 200 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி சீனி தூவிப் பதினைந்து நிமிடம் வைத்தால் தன் சாற்றிலேயே ஊறும். அதைத் தட்டில் பக்கத்தில் வையுங்கள், வாஃபிள்மேல் வேண்டாம்.

உறைப்புப் பிரியர்களுக்கு: இனிப்பில்லாத யோகட், சீனி இல்லை, பொடியாக அரிந்த வெங்காயம் 30 கிராம், ஒரு பச்சை மிளகாய், கொஞ்சம் கறிவேப்பிலை. சீனிச் சம்பலோடு இது பாணி ஊற்றியதைத் தோற்கடிக்கும் என்பது இந்த மதிப்பீட்டின் பக்கச்சார்பான கருத்து. கரட் துருவிப் போடுவதென்றால் பிழிந்து போடுங்கள்.

வேறு தெரிவுகள்

பெல்ஜிய வகை என்று விற்கும் ஆழக் கட்ட மெசின் 1000 முதல் 1200 வாட். பெரிய குடும்பத்துக்கும், 13 ஆம்பியர் பேஸும் நிலையான வோல்ட்டும் உள்ள வீட்டுக்கும் அது மேல்: காத்திருப்பு பாதியாகும், உள்ளே பஞ்சு கூடும். அதன் ஒரு துண்டுக்கு மா இரண்டு மடங்கு போகும் என்பதை மறக்காதீர்கள். தகடு மாற்றும் மூன்று-வேலை மெசின்கள் கழுவ வசதி. ஆனால் கழற்றும் தகட்டுக்கும் சூட்டுக் கம்பிக்கும் இடையில் காற்று இருப்பதால், அதே வாட்டில் நிலைத்தகடு மெசினைவிட மெதுவாகவே சூடு மீளும்.

கரண்ட் அடிக்கடி போகும் தோட்டத்துக்கு அடுப்பில் வைக்கும் இரட்டைத் தகட்டு அச்சு இன்னும் பொருத்தம். புதிதாக வந்த பொருள் ஒன்றுமில்லை. அடுப்புமேல் திருப்பிச் சுடும் வாஃபிள் அச்சுக்கு அமெரிக்காவில் கோர்னிலியஸ் ஸ்வார்ட்வவுட் காப்புரிமை பெற்றது 1869 இல். அதற்கு முன்பே ஒல்லாந்தர் நீண்ட கைப்பிடி இரும்பில் சுட்டார்கள். சூட்டை இரும்பில் சேமித்து வைத்துத் தோலை உடனே இறுக்குவதுதான் அதன் சூத்திரம்; கொக்கிஸ் அச்சை எண்ணெயில் சூடாக்கிவிட்டுத்தான் மாவில் தோய்ப்போம், அதே நியாயம். மிதமான கேஸில் இரு பக்கமும் இரண்டிரண்டு நிமிடம் காயவைத்து, மா ஊற்றியதும் பத்து விநாடியில் ஒரு தடவை திருப்பி, பிறகு பக்கத்துக்கு இரண்டு நிமிடம். விறகடுப்பில் சுவாலை வேண்டாம், தணலில் வையுங்கள். மேலே சொன்ன மாவே பொருந்தும்.

சுத்தம் செய்வது

தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, பிணைச்சல் பக்கம் வடிந்த மா. அதை அப்படியே விட்டு மெசினை மூடி அலுமாரியில் வைத்தால், இந்தக் காலநிலையில் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பூக்கும், அதற்கு முன்பே கரப்பான் குடியேறும். கை பொறுக்கும் சூட்டில் ஈரத் துணியால் தகட்டைத் துடைத்து, கட்டங்களுக்குள் பழைய மென்மையான பல் பிரஷ்ஷால் எடுத்து, மூடியைத் திறந்தபடியே ஒரு மணி நேரம் உலரவிடுங்கள். பாகு இறுகியிருந்தால் ஈரத் துணியை இரண்டு தகட்டுக்கும் நடுவில் வைத்து மூடிப் பத்து நிமிடம் விட்டால் இளகும். பிளக் கழற்றிய பிறகுதான்.

மிஞ்சிய வாஃபிளை ஆறவிட்டுப் பையில் போட்டு உறைநிலைப் பெட்டியில் வைக்கலாம். மீண்டும் சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், தோல் மெத்தென்றாகிவிடும். எண்ணெய் தடவாத தோசைக்கல்லில் மெல்லிய சூட்டில் பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். உள்ளே இன்னும் குளிராக இருந்தால் கல்லைக் கூடுதலாகச் சூடாக்காமல் மூடி போட்டு ஒரு நிமிடம் வைத்து, பிறகு மூடியைத் திறந்து அரை நிமிடம் காயவிடுங்கள்.